காருக்கு வைத்த மூக்கு

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. மழை கூரைத் தகரத்தில் சத்தம் போடுகிறது. தூரத்தில் இருந்தால் பாதிக் கதை மழைக்குப் போய்விடும். இன்றைக்கு ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை. மூக்கில்லாத ஒரு காருக்கு மூக்கு வைத்த கதை சொல்கிறேன்.

பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தர்ஷிகா என்று ஒருத்தி. கண்டி டவுனில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவள். வகுப்பு முடிவதற்குள் மேலே போகும் கடைசி பஸ் போய்விடும். அதனால்தான் அந்தக் காரை வாங்கினாள். ஜப்பானில் ஓடித் தேய்ந்து வந்த டர்போ கார், நெருப்புப்பெட்டி மாதிரி சின்னது. டர்போ என்றதும் மிரளாதீர்கள். எஞ்சினுக்குக் காற்றை அமுக்கி ஊட்டிவிடும் ஒரு விசிறி, அவ்வளவுதான். அது இருந்தால் சின்ன எஞ்சினும் மலை ஏறும்.

ஆனால் இவளுடைய கார் ஏறவில்லை. சமதரையில் நன்றாக ஓடும். வத்தேகமையைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் இளைக்கும். பின்னால் வரும் ஆட்டோக்காரன் ஹோர்ன் அடித்துவிட்டு முந்திப் போவான். ஒருநாள் மழையில், வளைவிலேயே நின்றுவிட்டது. அன்றைக்குத்தான் அவள் புருஷன் திலீபன் சொன்னான்:

“இது சரிவராது. புசல்லாவை ராஜலிங்கம் அண்ணன் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்காரு. ஞாயித்துக்கிழம வரச் சொல்லிட்டேன். குடுத்துருவோம்.”

“கார குடுத்துட்டா கிளாஸுக்கு எப்பிடிங்க போறது?”

“பாப்போம்.”

பாப்போம் என்றால் விட்டுவிடு என்று அர்த்தம். அது அவளுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலையில் காரை மடவளைக்கு, மெக்கானிக் பஹீமின் கராஜுக்குக் கொண்டுபோனாள். நாளைக்குக் காரை வாங்க ஆள் வருவதையும் சொன்னாள். பஹீம் எஞ்சினைத் தொடவேயில்லை. எஞ்சின் மூடியான பொனட்டை விரலால் தட்டினார், தூக்கினார், மறுபடி மூடினார்.

“தங்கச்சி, இது இந்தக் காருட பொனட் இல்ல. எங்கயோ அடிபட்டிரிக்கி. டர்போ இல்லாத கார்லரிந்து கழட்டிப் போட்டிரிக்காங்க.”

“அதனால என்ன நானா?” என்றாள். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

பஹீம் பொனட்டைத் தூக்கிக் காட்டினார். அமுக்கின காற்று சூடாகும். அதை ஆற்றுவதற்கு எஞ்சின்மேல் ஒரு குட்டி ரேடியேட்டர் படுத்திருந்தது, இன்டர்கூலர் என்பார்கள். அதற்கு நேரே பொனட்டில் ஒரு வாய் திறந்திருக்க வேண்டும், ஓடும்போது காற்று உள்ளே விழ. இங்கே மழுமழுவென்று மூடிக் கிடந்தது.

“மூக்கப் பொத்திக்கிட்டு மலை ஏறுங்கோண்டா நீங்க ஏறுவீங்களா?”

“சரியான பொனட் கெடைக்காதா?”

“தேடணும். மாசக்கணக்கு ஆகும். வெளியால செஞ்ச ஸ்கூப் ஒண்டு, காத்துப் புடிக்கிற மூக்கு மாதிரி, என்கிட்ட இரிக்கி, அதப் பொருத்தலாம். ஆனா பொனட்ட வெட்டணும் தங்கச்சி. வெட்டினா திரும்ப ஒட்ட ஏலாது. நாளைக்கு வாங்க வாறவர் ஓட்டையப் பாத்தா, வந்த வழியே போயிருவார்.”

தர்ஷிகா பொனட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். விற்கவும் முடியாமல், ஏறவும் ஏறாமல் போனால்?

“வெட்டுங்க நானா,” என்றாள்.

பஹீம் கடதாசியில் அளவு வெட்டி, பொனட்டில் ஒட்டி, பென்சிலால் கோடு போட்டார். “பிஸ்மில்லாஹ்” என்று சொல்லி வெட்டும் மெஷினை வைத்தார். வெட்டிய விளிம்பை அரத்தால் ராவி, துரு பிடிக்காமல் பெயின்ட் பூசினார். ஸ்கூப்புக்கும் இன்டர்கூலருக்கும் நடுவில் சுற்றிவர ஸ்பொன்ஞ் வைத்தார். இல்லாவிட்டால் வந்த காற்று வேறு பக்கம் ஓடிவிடுமாம். வாயில் இலை சருகு போகாதபடி ஒரு கம்பி வலை. பெயின்ட் காய வேண்டும் என்று காரை அங்கேயே வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் புருஷனும் பொண்டாட்டியும் பஸ்ஸில் வந்தார்கள். திலீபன் கையில் ஒரு பை. அவன் காரை ஒரு சுற்றுச் சுற்றினான்.

“தவள மாதிரி இருக்கு.”

“தவளதான் தம்பி,” என்றார் பஹீம். “பாயும், பாருங்க.”

வத்தேகமைக்கு வந்ததும் திலீபன் கோயிலடியில் நிறுத்தச் சொன்னான். பூசாரி வந்து சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். திலீபன் பையிலிருந்து மாலையை எடுத்தான். தடித்த செவ்வந்தி மாலை.

“மூக்குதானே புதுசு? அதுக்கே போட்டுருவோம்,” என்றார் பூசாரி. மூன்று பேருக்கும் அது சரியாகவே பட்டது. பார்க்கவும் அழகாக இருந்தது.

எலுமிச்சம்பழம் நசுங்கியது. கார் புறப்பட்டது. முதல் வளைவு ஏறியது. இரண்டாவதும் ஏறியது. மூன்றாவது வளைவில் பழையபடி இளைத்தது. தர்ஷிகா மிதித்தாள், முனகியதே தவிர, ஏறவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தாள். வெட்டிய பொனட் இரண்டு பேருக்கும் முன்னால் இருந்தது.

கடைசியில் அவள் போனை எடுத்து, வீடியோவில் பஹீமை அழைத்தாள்.

“முன்னுக்கு வந்து காட்டுங்கோ,” என்றார் அவர். காட்டினாள். போனுக்குள் இருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. “யா அல்லாஹ்! மாப்பிளைக்கு மால போடுறதுண்டா கழுத்துலதானே போடணும்? மூக்குலயா போடுவாங்க?”

காற்று அழுத்தி, மாலை முழுவதும் வாய்க்குள் போய் வலையோடு ஒட்டிக் கிடந்தது. அடைத்த மூக்கைத் திறந்து, மறுபடி பூவால் அடைத்திருந்தார்கள்!

திலீபன் தலையைச் சொறிந்தான். “பூக்கடைக்காரர் ரெண்டு மொழம் போதும்னாரு. நான்தான் நாலு மொழம் கட்டச் சொன்னேன்.”

“நீங்களா? நீங்கதானே விக்கணும்னு நின்னீங்க?”

“வித்துருவோம்னு சொன்னேன்தான். நீ கார கொண்டாந்து சேக்கிற வரைக்கும் நான் ரோட்டையே பாத்துக்கிட்டு நிக்கிறேன், அந்தப் பயத்துல சொன்னேன். நேத்து வெட்டிட்டேன்னு வந்து சொன்னப்ப ஒன் மொகத்தப் பாத்தேன். இனி இது ஏறணும்னு நெனச்சேன்.”

அவள் தலையிலிருந்து ஒரு ஊசியை உருவிக் கொடுத்தாள். அவன் குனிந்து, வலையில் சிக்கிய இதழ்களை ஒவ்வொன்றாகக் கிளறி எடுத்தான். மாலையைப் பின் சீட்டில் வைத்தான். எஞ்சின் ஆறும் வரைக்கும் போத்தலில் கொண்டுவந்த தேத்தண்ணியை மாறி மாறிக் குடித்தார்கள்.

பிறகு ஏறினார்கள். மூன்றாவது வளைவு போனது. நாலாவது போனது. முன்னால் போன ஆட்டோ ஒதுங்கி வழி விட்டது.

“ஹோர்ன் அடி, அடி!” என்றான் திலீபன், சின்னப்பிள்ளை மாதிரி.

தோட்டத்து லயத்து வீடுகளை எட்டும்போது அவன் போன் அடித்தது. ராஜலிங்கம்.

“அண்ணே, வர வேணாம். கோவிச்சிக்காதீங்க. வண்டிக்கு மூக்கு மொளச்சிருச்சு. இனி குடுக்க மாட்டா.”

திங்கட்கிழமை தர்ஷிகா வகுப்புக்குப் போனாள். இருட்டியதும் திலீபன் வழக்கம்போல ரோட்டில் நின்றான். கார் வெளிச்சம் தெரிந்ததும் உள்ளே போய், நிற்காதவன் மாதிரி உட்கார்ந்துகொண்டான்.

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டு ஜன்னல்களில் காற்று தடையில்லாமல் வந்து போகட்டும். உங்களில் யார் எந்த ஏற்றம் ஏறினாலும் மூச்சு முட்டாமல் ஏறட்டும். வெளியே போனவர்கள் எல்லோரும் உலை இறக்கும் முன்னே வந்து சேர, உங்கள் வீடு நிறைந்து இருக்கட்டும்.