வெல்மோக்காரர்களின் மணி

எங்கள் ஆர்சோல் கிராமத்தில் திருடுவதற்கு எதுவும் மிச்சமில்லை. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். ரொட்டிக்கடை இருந்த இடத்தில் காசு போட்டால் ரொட்டி தரும் இயந்திரம் நிற்கிறது. பழைய கடைக்காரரைப் போலவே அதுவும் திங்கட்கிழமைகளில் வேலை செய்வதில்லை. தேவாலய மணி ஒன்றுதான் பாக்கி. அதுவும் திருடியது.

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் ஊர் ஊராக மணிகளை இறக்கிப் பீரங்கிக்கு உருக்கினார்கள். பக்கத்து ஊர் வெல்மோக்காரர்கள் தங்கள் மணியைக் குளத்துச் சேற்றில் ஒளித்தார்கள். எங்கள் முன்னோர்கள் சொந்த மணியை அரசாங்கத்திடம் ஒழுங்காகக் கொடுத்துவிட்டு, மாட்டுவண்டியோடு அந்தக் குளத்துக்குப் போனார்கள். மணியின் விளிம்பில் ‘வெல்மோ’ என்று புடைப்பெழுத்து இன்றும் இருக்கிறது. ஊரில் எல்லாருக்கும் தெரியும். யாரும் யாரிடமும் சொன்னதில்லை.

செப்டம்பரில், பழைய கட்டடங்களை எல்லாரும் பார்க்கத் திறந்துவிடும் பாரம்பரிய நாளுக்கு முந்தைய வாரம், ஓர் அந்நியன் வந்தான். போர் நினைவுத்தூண் அருகே காரை நிறுத்திவிட்டு, தொலைநோக்கியால் மணிக்கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மேயரான என் அத்தை கிஸ்லென், அலுவலகத் திரைச்சீலையை விரலளவு விலக்கி அவனைப் பார்த்தாள்.

“யாருடா அது?”

“சுற்றுலா வந்தவனா இருப்பான் அத்தை.”

“இங்கயா?”

தேவாலயச் சாவி வைத்திருக்கும் மாட்டுப்பண்ணைக்காரர் ஆன்செல்ம் மாமா உள்ளே வந்தார். “கார் வெல்மோ ரோட்டுலேருந்துதான் வந்துச்சு மேயரம்மா.”

“நம்ம ஊருக்கு இருக்கிறதே அந்த ஒரு ரோடுதானே மாமா” என்றேன்.

“அதான் சொல்றேன்.”

அத்தை உட்கார்ந்துவிட்டாள். இரண்டு ஊரையும் இணைத்துவிடலாம் என்று மேலிடத்தில் ஏற்கெனவே பேச்சு. “ஊர்ப் பலகையப் புடுங்கினாலும் புடுங்கட்டும். மணியும் போச்சுன்னா எந்த மூஞ்சியோட கல்லறைக்குப் போவேன்? எங்கப்பா அங்கதான்டா படுத்திருக்காரு.”

அந்நியன் கதவைத் தட்டினான். தன் பெயர் ரெமி என்றான். மணிக்கூண்டில் ஏறிப் பார்க்கலாமா என்று பணிவாகக் கேட்டான். பணிவு எங்களுக்குப் பிடிக்கவில்லை.

“குளவி இருக்கு” என்றாள் அத்தை. “ஆசியக் குளவி. ஒரு ஆளக் கொன்னுருக்கு.”

“ரெண்டு” என்றார் மாமா.

“பரவாயில்லைங்க. நாளைக்குப் பாதுகாப்பு உடையோட வர்றேன்.”

அவன் போனதும் அத்தை மெல்லச் சொன்னாள்: “உடுப்பு வேற வெச்சிருக்கான். எல்லா ஏற்பாட்டோடயும்தான் வந்திருக்கான்.”

அன்று மதியமே ஏறினோம். எழுத்தை அரத்தால் ராவினால் ஊரே அதிரும். அதனால் மாமா தன் பசுக்களின் சாணத்தைச் சுண்ணாம்போடு குழைத்து, எழுத்து மறையும்வரை அப்பினார். பார்வைக்கு இசைவாக மணி முழுக்க அப்பச் சொன்னாள் அத்தை. நான் கல்லூரியில் வரலாறு படிப்பவன் என்பதால் வாளி என் கையில்.

மறுநாள் ரெமி விண்வெளி வீரனைப் போல ஏறினான். நாங்கள் பின்னாலேயே ஏறினோம். குளவி இல்லை. உத்தரத்தில் ஒரு கூகை ஆந்தை உட்கார்ந்து எங்களை வெறித்தது.

“இருக்கு” என்று கிசுகிசுத்தான் ரெமி. “இதுங்களக் கணக்கெடுக்கத்தான் வந்தேன்.”

அத்தை மூச்சுவிட்டாள். அதற்குள் அவன் மணியைப் பார்த்துவிட்டான்.

“இது என்னங்க, சாணியா?”

“பாரம்பரியம்” என்றாள் அத்தை. “வருஷா வருஷம் பூசுவோம்.”

“எந்தக் காலத்துலேருந்து?”

அத்தை என்னைப் பார்த்தாள்.

“புரட்சிக்கு முன்னாலேருந்து” என்றேன்.

ரெமி யோசித்தான். “மணி வார்க்கிற அச்சு மண்ணுல சாணி கலப்பாங்கன்னு படிச்சிருக்கேன். அந்த வழக்கத்தோட மிச்சமோ?”

“அதேதான்” என்றாள் அத்தை, அதை முதன்முறையாகக் கேள்விப்படுகிறவளின் உறுதியோடு.

கூகையோடு சேர்த்து சாணி மணியையும் அவன் மாவட்டப் பத்திரிகையில் எழுதிவிட்டான். பாரம்பரிய நாளன்று ஆர்சோலில் கார் நிறுத்த இடமில்லை. மாமாவின் பசுக்களோடு நின்று சிலர் படம் எடுத்துக்கொண்டார்கள். வழக்கத்தை இனி விட முடியாது.

அடுத்த செப்டம்பரில் வெல்மோ மேயர் ஒதிலோன் எங்களை அழைத்தார். அவர்கள் மணிக்கூண்டில் ஏறினோம். அவர்களுடைய மணியிலும் சாணி, எங்களுடையதைவிடத் தடிப்பாக.

“எங்க வழக்கம் உங்களோடதவிடப் பழசும்மா” என்றார் ஒதிலோன், எங்கள் முகத்தைப் பார்க்காமல்.

திரும்பும்போது அத்தைதான் காரை ஓட்டினாள். எங்கள் ஊர்ப் பலகையைத் தாண்டியதும் வண்டியை ஓரமாக நிறுத்தினாள்.

“அவனுங்க மணிதான் நம்மகிட்ட இருக்கே. அப்ப அந்தச் சாணிக்கு அடியில எந்த ஊர்ப் பேருடா இருக்கும்?”