வீட்டில் இரண்டே பேர்

எங்கள் ஊரைப் பற்றி அப்பா மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தார். முதல் பக்கம் வரலாறு, இரண்டாவது புவியியல், மூன்றாவது மக்கள்தொகை. ஊர் அலுவலகச் செயலாளர் அவர்தான். அமைச்சர் வந்தாலும் சரி, ஆடுகளைக் கணக்கெடுக்க ஆள் வந்தாலும் சரி, மைக்கைப் பிடித்து மூன்று பக்கத்தையும் வாசித்துவிட்டுத்தான் அவர்களை உட்கார விடுவார். ஊரில் அவருக்கு 'மைக்செட்' என்று பெயர். என் கல்யாணத்தில்கூட மாப்பிள்ளையின் படிப்பு, உத்தியோகம், வெளிநாட்டு வேலை எல்லாவற்றையும் மைக்கில் வாசித்தார். அதை ஏன் சொல்கிறேன் என்பது கொஞ்சம் பொறுத்தால் தெரியும்.

வரலாறு சுருக்கமானது. முதலில் இது ஒரு படகுத்துறை. ஆற்றின் மேல்புறம் தூரத்தில் பாலம் கட்டியதும் படகுகள் போயின. பிறகு சுண்ணாம்புக்கல் குவாரி வந்தது. கல் தீர்ந்ததும் லாரிகள் போயின. லாரிகளுக்குப் பின்னால் இளவட்டங்கள் போனார்கள். ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போன கதையைத்தான் அப்பா 'பெருமைமிகு வரலாறு' என்று கணீரென்று வாசிப்பார். புவியியலும் அப்படித்தான். 'நதி எங்கள் ஊரை மூன்று பக்கமும் அணைத்துச் செல்கிறது, அக்கரையில் உள்ள நகரம் கூப்பிடு தூரம்' என்று எழுதியிருந்தார். அந்த நகரத்துக்குப் போக வேண்டுமென்றால் ஆற்றைச் சுற்றிக்கொண்டு பாலம் வரைக்கும் போய்த் திரும்பி வர வேண்டும் என்பதை எழுதவில்லை.

மூன்றாவது பக்கம்தான் அவருக்குத் தலைவலி. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு பலகை உண்டு. ஊர்ப் பெயர், கடல் மட்டத்திலிருந்து உயரம், மக்கள்தொகை. ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பிறகும் பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதிய எண்ணை அப்பாவே ஏணி போட்டு எழுதுவார். உயரம் மாறாது. எண் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது.

இந்த முறை ஐயாயிரத்துக்குக் கீழே போனால் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டை மூடிவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அந்தச் செய்தி வந்தபோது நான் பின்னறையில் இருந்தேன். ஏழு மாதம்.

நான் திரும்பி வந்தது நாலாவது மாதத்தில். ஒரு பை, நான், வயிற்றில் ஒன்று. அப்பா மைக்கில் புகழ்ந்த மாப்பிள்ளைக்கு அங்கே ஏற்கெனவே ஒரு மனைவியும் பள்ளிக்கூடம் போகிற பையனும் இருந்தார்கள். அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பழைய வரைபடங்களும் ஒலிபெருக்கிகளும் போட்டு வைத்திருந்த பின்னறையை ஒழித்துக் கட்டில் போட்டார். ஜன்னலுக்குத் திரை மாட்டினார். ஊருக்கு நான் இன்னும் வெளிநாட்டில்தான் இருந்தேன்.

அவர் மட்டும்தான் மறைத்தார் என்று சொல்ல மாட்டேன். எனக்கும் வெட்கம் பிடுங்கித் தின்றது. தெருவில் யாராவது பேசிக்கொண்டு போனால் இருமலைக்கூட விழுங்கிக்கொள்வேன். கண்ணாடியில் என் வயிறு தெரிந்தால் அது வேறு யாருடையதோ என்பதுபோல நகர்ந்துவிடுவேன்.

கணக்கெடுக்க வெளியாட்கள் வேண்டாம் என்று அப்பா மேலிடத்தில் சண்டை போட்டு வாங்கினார். "வெளியாளு வந்தா நாலு வீட்ட விட்டுட்டுப் போயிடுவான். நம்மாளுன்னா எந்த வீட்ல யாரு இருக்காங்கன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவான்," என்பது அவர் வாதம். தெற்குத் தெருவுக்கு டெய்லர், எங்கள் தெருவுக்குத் தபாலக்கா என்று பிரித்துக் கொடுத்தார். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போனார். "பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டில் இருக்கும் ஒருவரையும் விட்டுவிடாதீர்கள்! படுத்த படுக்கையாய் இருந்தாலும் சொல்லுங்கள், பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் சொல்லுங்கள்!" எங்கள் வீட்டைக் கடக்கும்போதும் அதே குரல்தான், கொஞ்சம்கூடக் குறையவில்லை. பின்னறையில் எனக்குக் காது கூசியது.

தபாலக்கா ஒரு நாள் காலையில் வந்தார். ஊருக்கே கடிதம் கொண்டுவந்து கொடுப்பவர். அம்மா தண்ணீர் கொடுத்தாள். கதவுக்குப் பின்னால் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எத்தன பேருண்ணே?"

"என்னம்மா தெரியாத மாதிரி கேக்குற? ரெண்டே பேரு."

"பாப்பா?"

"அது வெளிநாட்டுல சௌக்கியமா இருக்கு."

"சந்தோஷம்ணே," என்றார் தபாலக்கா. எதையும் நோண்டிக் கேட்காமல் போக மாட்டார் அவர். அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவும் வாயைத் திறக்கவில்லை. அவர் படியிறங்கின பிறகுதான் நான் மூச்சு விட்டேன். விட்டதும் குழந்தை ஒரு உதை உதைத்தது. என்னை இல்லை என்று சொன்ன பொய்க்கு நானே துணை நின்றேனே என்று அன்று முழுவதும் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

கணக்கு முடிந்தது. 4988.

அப்பா வீட்டுக்குள் நுழைந்தபோதே கத்திக்கொண்டுதான் வந்தார். "பன்னெண்டு பேரு! வெறும் பன்னெண்டு! எவனோ ஆள மறைச்சிருக்கான். தொண்ட தண்ணி வத்தக் கத்துனேனே, மனசாட்சி வேணாம்?"

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "யாருங்க அந்த எவனோ?" என்றாள்.

அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. "ஒரு ஆளால என்ன ஆயிடப் போகுது?" என்றார். இதையே இன்னும் பல வீடுகளில் சொல்லியிருப்பார்கள் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

மேலிடம் ஒரு வாய்ப்புக் கொடுத்தது. விட்டுப்போனவர்கள் யாராவது இருந்தால், அதிகாரி வரும் அன்று ஊர் அலுவலகக் கூடத்துக்கு நேரில் வந்து பதிந்துகொள்ளலாம். அன்று காலை அப்பா கிளம்பிப் போனதும் அம்மா பின்னறைக் கதவை அகலத் திறந்தாள். "நீ வர்றியா, இல்ல நான் மட்டும் போய் உன் பேரச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்து அவள் அப்பாவைக் கேட்காமல் செய்த முதல் காரியம் அதுதான்.

கடைத்தெரு வழியாகத்தான் போனோம். ரொட்டிக் கடைக்காரர் பொட்டலம் கட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திரும்பி ஓடியிருப்பேன்.

கூடத்தில் நல்ல கூட்டம். மேசைக்குப் பின்னால் அதிகாரி, பக்கத்தில் மைக்கோடு அப்பா. முன்பெஞ்சில் டெய்லர், தபாலக்கா. ஆனால் பதிய யாரும் எழுந்திருக்கவில்லை. யாராவது முதலில் போகட்டும் என்று காத்திருப்பவர்கள்போல எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளே போனதும் பேச்சு நின்றுவிட்டது. அம்மா என் முழங்கையைப் பிடித்து மேசை வரைக்கும் கொண்டுபோய் விட்டாள்.

"யாரும்மா நீங்க?" என்றார் அதிகாரி.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "என் பொண்ணுங்க. வெளிநாட்டுல இருக்கா. நேத்துதான் வந்தா. விருந்தாளி மாதிரி, பத்து நாள்ல போயிடுவா."

அவர் கையிலிருந்த மைக் அணைக்கப்படவில்லை. விருந்தாளி என்ற சொல் கூடத்தின் கூரையில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கி வழியாகக் கடைத்தெரு முழுக்கக் கேட்டது. அது திரும்பி வந்து எங்கள் காதிலேயே விழுந்தபோதுதான் அவருக்கும் தெரிந்தது. மைக்கின் பொத்தானைத் தேடி அணைத்தார். என் அப்பா தானாக மைக்கை அணைத்து நான் பார்த்ததில்லை.

"வந்து போறவங்கள எழுத முடியாதே," என்றார் அதிகாரி. "நீங்களே சொல்லுங்கம்மா, எங்க குடியிருக்கீங்க?"

இங்கேதான் என்று ஒரு வார்த்தை. அதற்காகத்தானே நடந்து வந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். கெஞ்சினார் என்றுதான் சொல்ல வேண்டும். அத்தனை பேர் முன்னால் அவரைப் பொய்யராக்க எனக்கு மனம் வரவில்லை. மனம் வரவில்லை என்பது நல்ல பிள்ளை பேசுகிற பேச்சு. உண்மையில் தைரியம் வரவில்லை.

"வெளிநாட்டுல," என்றேன்.

டெய்லர் பெஞ்சிலிருந்து பாதி எழுந்திருந்தார். அதைக் கேட்டதும் மறுபடி உட்கார்ந்துவிட்டார். தபாலக்கா தலையைக் குனிந்து தன் பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் எழுந்து வெளியே போனார்கள். அதிகாரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மேசையை ஒழித்தார்.

மூன்று வாரத்தில் பிரசவ வார்டுக்குப் பூட்டுப் போட்டார்கள். நர்ஸை எங்கேயோ மாற்றிவிட்டார்கள். சாவி அப்பாவின் மேசைக்கு மேலே ஆணியில் தொங்கியது. அம்மா அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். காப்பி வேண்டுமா என்பதைக்கூடச் சுவரைப் பார்த்துக் கேட்டாள். என் ஜன்னல் திரையைக் கழற்றி மேசை துடைக்கப் போட்டாள். பத்து நாள் விருந்தாளி இரண்டு மாதமாகியும் கிளம்பவில்லை. ஊரில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மரியாதைதான் எங்களைக் கொன்றது.

வலி எடுத்தது நடுப்பகலில். ரொட்டிக் கடை வேனில் என்னை ஏற்றினார்கள். பின்னால் காலித் தட்டுகளோடு நானும் அம்மாவும், முன்னால் அப்பா. நதி ஊரை மூன்று பக்கமும் அணைத்துச் செல்வது என்றால் என்ன என்று அன்றுதான் எனக்கு உடம்பால் தெரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் தட்டுகள் சரிந்தன, நானும் சரிந்தேன். அக்கரையில் ஆஸ்பத்திரியின் கட்டடமே தெரிகிறது, பாலம் மட்டும் வந்தபாடில்லை. கூப்பிடு தூரம்தானே என்று நானும் கூப்பிட்டுப் பார்த்தேன். அப்பா ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அவர் பின்கழுத்து வேர்த்து வழிந்ததைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வாசலில் இறக்கியதும் கவுண்டரில் இருந்தவர், "உள்ளூரா, வெளியூரா?" என்று கேட்டார்.

"வெளியூர்," என்றார் அப்பா. ஊர்ப் பெயரைச் சொன்னார்.

"உங்களுக்கு என்ன வேணும் இவங்க? அங்கயே குடியிருக்கவங்களா, விருந்தாளியா வந்தவங்களா?"

சாதாரணமாகக் கேட்ட கேள்விதான். அப்பா கவுண்டர் பலகையைப் பிடித்துக்கொண்டார். "என் பொண்ணு. நாலஞ்சு மாசமா என் வீட்லதான் இருக்கா. என் வீட்லதான் இருப்பா." மைக் இல்லாமலே அந்த ஹால் முழுக்கக் கேட்டது. சக்கர நாற்காலியில் நான் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இதைச் சொல்ல இவ்வளவு தூரம் வரவேண்டியிருந்ததா என்று ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது.

பெண் குழந்தை. பிறந்த இடம் என்று அந்த நகரத்தின் பெயரைத்தான் எழுதினார்கள். பிரசவம் நடந்த ஊரைத்தான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா அந்தக் காகிதத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மன்னித்துக்கொள் என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "அந்தப் பெயிண்ட் டப்பா எங்க?" என்று மட்டும் கேட்டார்.

பலகையில் அதுவரைக்கும் பழைய எண்தான் இருந்தது. 4988 என்று எழுத அவருக்குக் கை வரவில்லை. அன்று பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் பார்க்க ஏணி போட்டு ஏறி 4990 என்று எழுதினார். கூட இரண்டு.

"அரசாங்கக் கணக்குல அப்படி இல்லையே," என்றாராம் யாரோ.

"என் வீட்டுக் கணக்குல இருக்கு," என்றாராம் அப்பா.

அம்மா இதைக் கேட்டுவிட்டு, "கணக்கெடுக்கும்போது கொழந்த பொறக்கவே இல்லையே," என்றாள், அவரைப் பார்த்தே. "இருக்கட்டும்," என்றார் அவர்.

ஏணியையும் டப்பாவையும் பிரஷையும் பலகையின் அடியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். மறதி என்றுதான் அப்போது நினைத்தோம். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் 4991 என்று இருந்தது. கோணல் எழுத்து, நிச்சயமாக அப்பாவுடையதல்ல. அந்த வாரம் டெய்லர் கடையின் இரண்டாவது மெஷினில் அவர் தம்பி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். சிறையிலிருந்து வந்து ஒரு வருடமாகிறதாம். ஒரு வருடமாக அவர் இந்த ஊரில் இருந்தது பக்கத்து வீட்டுக்கே தெரியாது.

பிறகு 4993. பிறகு 4996. தபாலக்கா குழந்தையைப் பார்க்க வந்தவர், தூளிக்கயிற்றைப் பிடித்தபடி நின்றார். "எங்க வீட்லயும் ஒரு ஆளு இருக்காரும்மா. எங்க வீட்டுக்காரர் ஓடிப்போயிட்டார்னு சொல்லியிருந்தேன்ல, அவருதான். குடிச்சே ஒடம்பக் கெடுத்துக்கிட்டுத் திரும்பி வந்துட்டாரு. எப்படிச் சொல்றதுன்னு..." என்றார். அன்று எங்கள் வீட்டில் அவர் ஏன் ஒன்றும் நோண்டவில்லை என்று இப்போது புரிந்தது. நான் நகர்ந்து அவருக்கு இடம் கொடுத்தேன். திரும்பி வந்தது நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேனே.

வார்டு பூட்டியே கிடந்ததால் குழந்தைக்குத் தடுப்பூசி போடவும் அந்த நகரத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. நானும் அப்பாவும் பஸ் ஏறினோம். பலகையைத் தாண்டும்போது கண்டக்டர் குனிந்து பார்த்து, "என்ன சார், ஊரு பெருசாயிட்டே போகுது?" என்று சிரித்தார். 5004. அப்பா பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, பலகை இல்லாத பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.