இல்லாத சுளுக்கு

1

இந்தக் கதை களவெடுத்தது. முதலே சொல்லிவிட்டால் நத்தாருக்கு முந்திய பாவசங்கீர்த்தனத்தில் ஒன்று குறையும். போன செவ்வாய்க்கிழமை பின்னேரம், கிணற்றடியில் வைத்து, என் தம்பி றொசாந்தனின் மனைவி கீர்த்திகா இதை எனக்குச் சொன்னாள். ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்றும் சொன்னாள். நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. எழுதுகிறேன். அது வேறு.

பங்குக் கோயிலின் நத்தார் மலருக்குக் கதை கேட்டு, அதைத் தொகுக்கிற கொலின்ஸ் மூன்று கிழமையாக என்னைத் துரத்துகிறார். ‘விசுவாசமும் குடும்பமும்’ என்பது தலைப்பாம். (பெயர்களை மாற்ற யோசித்தேன். வங்காலையில் கடற்தொழில் செய்கிற வீடு, முருங்கன் பக்கத்து மருமகள், கதை எழுதுகிற ரீச்சர் மகள் என்று எழுதிவிட்டுப் பெயரை மாற்றி என்ன பிரயோசனம்?)

2

தொடக்கங்கள்.

‘மார்கழிக் கடல் அன்று’ – இல்லை. எங்கள் ஊர்க் கதைகளெல்லாம் கடலில்தான் தொடங்குகின்றன. இது குசினியில் தொடங்குவது.

‘திரேசம்மா பக்தி மிகுந்த ஒரு’ – இதுவும் இல்லை. திரேசம்மா என் அம்மா. பக்தி உண்டு. ஆனால் அப்படி எழுதினால் மெலிந்த, சாந்தமான ஒருவரை நினைத்துக்கொள்வீர்கள். அம்மா பாடற்குழுவில் யாராவது பிழையாகப் பாடினால் பூசை நடுவிலேயே திரும்பிப் பார்ப்பவர்.

‘எங்கள் வீட்டில் திருவருகைக் காலம் முழுக்க மீன் இல்லை.’ இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

3

மீன் இல்லை என்பது திருச்சபைச் சட்டமில்லை, அம்மாவின் சட்டம்.* நான் பிறந்த வருடம் அப்பாவின் படகு மூன்று நாள் கரைக்கு வரவில்லை. அவர் திரும்பி வந்தால், உயிரோடு இருக்கும் வரைக்கும் நத்தாருக்கு முந்திய நாலு ஞாயிறும் இடைப்பட்ட நாட்களும் வீட்டில் மீன், இறைச்சி சமைப்பதில்லை என்று அம்மா நேர்ந்துகொண்டார். அப்பா வந்தார். அன்றிலிருந்து வருடத்தில் ஒரு மாதம், பாரை மீனைக் கரையில் விற்றுவிட்டு வந்து பருப்புச் சாப்பிடுகிறார்.

* குருவானவர் ஒருவர் அப்பாமேல் இரக்கப்பட்டு இதை அம்மாவுக்கு எடுத்துச் சொன்னார். அம்மா அவருக்கும் பருப்புப் பரிமாறினார்.

இந்த ஆவணியில் கீர்த்திகா மருமகளாக வந்தாள். கலியாணத்துக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றவள். ஆனாலும், நெல்லு வயல் நடுவில் பிள்ளையார் கோயிலோடு வளர்ந்த பிள்ளை எங்கள் நோன்பைத் தாங்குவாளா என்று அம்மாவுக்குச் சந்தேகம். அவள் தாங்கியது மட்டுமில்லை, ஒரு நேரம்தான் சாப்பிட்டாள். அம்மா அசந்துபோனார். பக்கத்து வீட்டுப் பெற்றிசியாவிடம் சொன்னார். பெற்றிசியாவிடம் சொன்னால் ஆலயத்தில் அறிவித்தமாதிரி.

4

உண்மை இதுதான். கீர்த்திகாவின் அம்மா இராசேஸ்வரி வருடாவருடம் விநாயகர் பெருங்கதை விரதம் பிடிப்பவர். இருபத்தொரு நாள், ஒரு நேரச் சாப்பாடு, கையில் காப்பு நூல். இந்த வருடம் சீனி வருத்தம் கூடி, பட்டினி கிடக்கக்கூடாது என்று டொக்டர் மறித்துவிட்டார். முப்பது வருடத்தில் முதல்தரம் விரதம் முறியப்போகிறது என்று தாய் அழுததைக் கேட்டு, உங்களுக்காக நான் பிடிக்கிறேன் என்று கீர்த்திகா ஊருக்குப் போய்க் காப்புக் கட்டிக்கொண்டு வந்தாள். அந்த விரதமும் எங்கள் நோன்பும் கிட்டத்தட்ட ஒன்றாகவே தொடங்கின. அவள் ஒன்றுக்குள் மற்றதை ஒளித்துவைத்தாள்.

மூன்றாம் நாள் அம்மா நூலைக் கண்டுவிட்டார். என்னவென்று கேட்க, கீர்த்திகா பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னாள்: சுளுக்கு.

அன்றிலிருந்து தினமும் பின்னேரம் அம்மா மடு மாதா கோயிலிலிருந்து கொண்டுவந்த எண்ணெயை அவளுடைய மணிக்கட்டில் பூசி, கையைப் பிடித்துக்கொண்டு செபித்தார். “மாமி கண்ணை மூடிச் செபிக்கேக்குள்ள எனக்கு அழுகை வரும் மச்சாள்,” என்றாள் கீர்த்திகா. அழுவதைக் கண்டு, நோ கூடிவிட்டது என்று அம்மா இன்னொரு பரலோக மந்திரமும் சேர்த்துச் சொல்வாராம்.

(இந்த இடத்தில் நான் சிரித்தேன். கீர்த்திகா சிரிக்கவில்லை. நீங்கள் உங்கள் வசதிப்படி செய்யலாம்.)

5

திங்கட்கிழமை விரதம் முடிகிற நாள். தாயைப் பார்த்துவர ஊருக்குப் போகிறேன் என்றாள் கீர்த்திகா. நத்தார் பலகாரம் கொடுக்க வேணும், நானும் வாறன் என்று அம்மாவும் பஸ் ஏறிவிட்டார்.

வாசலிலேயே அம்மாவின் இரண்டு கையையும் இராசேஸ்வரி பிடித்துக்கொண்டார். தன் மகள் எல்லாவற்றையும் மாமியாரிடம் சொல்லித்தான் செய்கிறாள் என்று அந்த மனுசி நம்பியிருந்தார்.

“சம்பந்தி, உங்கட வீட்டில வைச்சு என்ர பிள்ளையைப் பெருங்கதை பிடிக்க விட்டியள். இதை நான் மறக்கமாட்டன்.”

அம்மா கீர்த்திகாவைப் பார்த்தார். கீர்த்திகா நிலத்தைப் பார்த்தாள்.

“ஓம் சம்பந்தி,” என்றார் அம்மா. “கைச் சுளுக்கோடயும் பிடிச்சவள்.”

கோயிலுக்கும் கூடவே போய், வெளியே எல்லாருடைய செருப்புகளுக்கும் காவலாக நின்றார். அன்று பின்னேரம் எண்ணெய்ப் போத்தல் அலுமாரியை விட்டு வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு கீர்த்திகாவோடு தேவைக்கு மட்டும்தான் பேச்சு. என்ன செய்யட்டும் மச்சாள் என்று அவள் கேட்டாள். நான் கதை எழுதத் தொடங்கினேன்.

6

முடிவு ஒன்று: அம்மா அவளைக் கட்டிப்பிடிக்கிறார். (என்னை அவர் கடைசியாகக் கட்டிப்பிடித்தது சின்ன வயதில் ஆலயத்தில் முதல் நன்மை வாங்கிய அன்று. அதுவும் படம் பிடிக்கிறவர் சொன்னதால்.)

முடிவு இரண்டு: இரண்டு சம்பந்திமாரும் பாலன் குடிலுக்கு முன்னால் கைகூப்பி நிற்க – கொலின்ஸுக்குப் பிடிக்கும். அதனாலேயே வேண்டாம்.

வேறு முடிவு கிடைக்காமல், இதுவரை எழுதியதை இன்று காலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். குடிலுக்கு வைக்கோல் பிரித்தபடி கேட்டார்.

“பிள்ளையாரோட எனக்குக் கோவமில்லை,” என்றார் கடைசியில். “தாய்க்காகப் பிடிச்சவள். நானும் கொப்பருக்காகத்தானே பிடிச்சனான். ஆனா இல்லாத சுளுக்குக்கு இத்தனை நாள் செபிச்சிருக்கிறன், றஞ்சிதா. அவ்வளவு செபத்தையும் ஆண்டவர் எங்க கொண்டுபோய் வைச்சிருப்பார்?”

இராசேஸ்வரியின் சீனி இறங்கிவிட்டது என்று எழுதலாம். அழகான முடிவு. கீர்த்திகாவைக் கேட்டேன். இறங்கவில்லை.

“இதில நான் அவளை மன்னிச்சனானோ?” அம்மா கடதாசியைக் காட்டிக் கேட்டார்.

இன்னும் எழுதவில்லை என்றேன்.

“எழுதாத. நீ எழுதிப்போட்டா அவள் என்னட்டை வந்து சொல்லமாட்டாள். தன்ர வாயால சொல்லட்டும்.”

7

ஆகவே, கொலின்ஸ், முடிவு இல்லை. இரண்டு பக்கம் கேட்டீர்கள், இரண்டு பக்கம் இருக்கிறது.

இப்போது இரவு பத்து மணி. அம்மா குடிலுக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறார். ஈரக் கையைச் சட்டையில் துடைத்தபடி கீர்த்திகா குசினி வாசலில் இருந்து இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டாள். வாசகரே, அவள் வெட்கப்படுகிறவள். பழக்கமில்லாத ஆட்கள் இருந்தால் வாயைத் திறக்கமாட்டாள்.

நான் எழும்பி வெளியே போகிறேன். நீங்களும் வாங்கோ.