திலோத்தமையின் முகம்

அந்தக் கலையரங்கத்தின் முன்கூடத்தில் தேவலோக நடனப் பெண்கள் நான்கு பேர் நிற்கிறார்கள். நால்வரும் பித்தளை. இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு, ஆளுக்கொரு கல் பீடம். ரம்பை, ஊர்வசி, மேனகை, திலோத்தமை. தேவலோகத்தில் இவர்களை யார் குளிப்பாட்டினார்களோ தெரியாது. இங்கே பதினெட்டு வருஷமாக அந்த வேலை புளியக்காவுக்கும் அவள் நாத்தனாருக்கும்.

புளியக்கா என்பது கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர். கடையில் விற்கிற பாலிஷை அவள் மதிக்க மாட்டாள். ஊறவைத்த புளி, சலித்த செங்கல்பொடி, பழைய பருத்தித் துணி, அவ்வளவுதான் அவள் சரக்கு. "மூஞ்சி பளிச்சுன்னு இருந்தா மத்ததை எவன் பார்க்கப் போறான்" என்பது அவள் கட்சி. உடம்புக்கு வாரம் ஒரு தேய்ப்பு என்றால், வாசலுக்கு நேராகத் தெரிகிற முகத்துக்குத் தினமும் உண்டு.

ரம்பையும் திலோத்தமையும் அவள் பங்கு, மற்ற இருவரும் நாத்தனார் பங்கு. ரம்பை தூண் மறைவில் நிற்கிறவள், அவளுக்கு வாரத் தேய்ப்போடு சரி. நாத்தனார் தேய்ப்பதைத் தேய்ப்பு என்று சொல்வதே பாவம். தூசி தட்டி, ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, மீதி நேரம் வாயால் வேலை செய்வாள். அவள் பெண்கள் மங்கலாக நிற்க, திலோத்தமை மட்டும் வாசலிலிருந்தே கண்ணைப் பறிப்பாள். வருகிறவர்கள் நேராக அவள் பக்கம் போவார்கள். அப்போது புளியக்கா நாத்தனாரைத் திரும்பிப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதற்குச் சம்பளமே வேண்டாம் என்று விடலாம்.

போன வருஷம் சுவருக்கு வர்ணம் அடித்தபோது சிலைகளை உள்ளே தூக்கி வைத்தார்கள். திரும்ப வைத்த ஆட்கள் திலோத்தமையை வலப்பக்கமும் மேனகையை இடப்பக்கமும் மாற்றி வைத்துவிட்டார்கள். சுவரில் தொங்கிய வேலைப் பட்டியலில், இடப்பக்கச் சிலைகள் புளியக்காவுக்கு, வலப்பக்கச் சிலைகள் நாத்தனாருக்கு என்று பழையபடியே இருந்தது. அதற்காக இருவரும் தங்கள் சிலையை மாற்றிக்கொள்ளவில்லை. புளியக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு கூடத்தைக் கடந்து போய்த் தன் திலோத்தமையைத்தான் தேய்த்தாள்.

மேனேஜர் புதிது, வந்து மூன்று மாதம். ரம்பையின் ஒரு கை ஆடுகிறது என்று ஒரு வார்ப்புக்காரரை அழைத்து வந்தார். பித்தளைச் சிலை வார்ப்பதும் பழுது பார்ப்பதும் அவர் தொழில். கையை இறுக்கி முடித்தவர், மற்ற சிலைகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் திலோத்தமை முன்னால் நின்றார். கன்னத்தில் விரலை வைத்துத் தடவினார்.

"சார், இங்க வாங்க. இவளுக்குக் கண்ணு எங்க இருக்குன்னு சொல்லுங்க பார்ப்போம்."

மேனேஜர் குனிந்து பார்த்தார். கண் இருக்க வேண்டிய இடத்தில் மினுமினுவென்று ஒரு வழவழப்பு. மூக்கு ஒரு மேடு, அவ்வளவுதான். உதடு இருந்த சுவடே தெரியவில்லை.

"எறும்பு ஊரக் கல்லே தேயும். இது பித்தளை. பொடி போட்டுத் தினமும் தேச்சிருக்காங்க. மறுபடி செதுக்கினா அது வேற யார் முகமாவோதான் இருக்கும்."

உலகத்து அழகையெல்லாம் எள்ளளவு எள்ளளவாகச் சேர்த்துச் செய்தவள் திலோத்தமை என்று கதை. எள்ளளவு எள்ளளவாகவே போய்விட்டாள்.

மேனேஜர் பட்டியலைப் பார்த்தார். நாத்தனாரைக் கூப்பிட்டார்.

"பதினெட்டு வருஷம் வேலை பார்த்த லட்சணமா இது? நாளையிலேருந்து வர வேண்டாம்மா."

நாத்தனாருக்குப் புருஷன் இல்லை. படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேருக்கும் இந்த ஒரு வேலைதான் சோறு. ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசுகிறவள், "அது என்னுது இல்ல" என்ற மூன்று வார்த்தையைச் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

புளியக்கா வாளியும் கையுமாக அங்கேதான் இருந்தாள். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. பேசினால் வேலை போகும். வேலைகூடப் போகட்டும், அவள் புருஷனுக்கு வண்டி ஓட்டும் வேலை இருக்கிறது. இத்தனை வருஷம் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்த கூடத்தில், சிலையைக் கெடுத்தவள் என்ற பெயரோடு வெளியே போக வேண்டும். அதுதான் அவளால் தாங்க முடியாதது. ஒரு நிமிஷம், முழுசாக ஒரு நிமிஷம், அவள் பேசாமல்தான் நின்றாள். பிறகு வாளியைக் கீழே வைத்தாள்.

"சார், அது என் சிலை. நான்தான் தேச்சேன்."

"பட்டியல் அப்படிச் சொல்லலையே. சொந்தக்காரங்கன்னு காப்பாத்துறீங்களா?"

"வர்ணம் அடிச்சப்ப இடம் மாத்தி வச்சுட்டாங்க சார். ஆள் மாறல."

வார்ப்புக்காரர் சிலையை மறுபடி பார்த்தார். "இவளோட வலது கன்னம்தான் ரொம்பத் தேஞ்சிருக்கு. எதிர்ல நின்னு இடது கையால தேச்சா அப்படித்தான் ஆகும். அம்மா, உங்களுக்கு எந்தக் கை பழக்கம்?"

புளியக்கா இடது கையை நீட்டிக் காட்டினாள். விரலிடுக்கில் புளி ஒட்டியிருந்தது.

மேனேஜர் யோசித்துவிட்டு, இருவரையும் வேலையில் இருக்கச் சொன்னார். ஆனால் திலோத்தமை மேல் புளியக்காவின் கை இனிப் படக்கூடாது. எந்தச் சிலைக்கும் புளி கிடையாது, பொடி கிடையாது, காய்ந்த துணி மட்டும்தான். திலோத்தமையை நாத்தனார் பார்த்துக்கொள்வாள். "கறுக்கட்டும், விட்டுடுங்க" என்றார் வார்ப்புக்காரர்.

மதியம் துணி அலசும்போது புளியக்கா கேட்டாள். "ஏன்டி வாயை மூடிட்டு நின்னே?"

"அண்ணன் பொண்டாட்டியைக் காட்டிக் கொடுத்துட்டு எந்த மூஞ்சியோட அண்ணன் வீட்டுக்கு வருவேன்?"

"மூஞ்சி தேயறது உனக்குத் தெரியுமா?"

"ஏழெட்டு வருஷமாத் தெரியும். சொன்னா பொறாமைன்னு சொல்லியிருப்பீங்க அண்ணி."

அது உண்மைதான். அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

அதன் பிறகு நான்கு மாதம் புளியக்காவுக்கு நரகம். திலோத்தமை மஞ்சள் போய்ப் பழுப்பானாள், பிறகு அங்கங்கே கறுத்தாள். "இதை யாரும் துடைக்கிறதே இல்லையா?" என்று வருகிறவர்கள் கேட்கும்போதெல்லாம் யாரோ தன்னைத் திட்டுகிற மாதிரி இருந்தது. கை பரபரக்கும். முந்தானையில் முடிந்துகொள்ளாத குறையாக அதை அடக்கி வைத்தாள்.

ஒரு நாள் காலை நாத்தனார் கூடத்திலிருந்து கத்தினாள். "அண்ணி, ஓடி வாங்க!"

பழுப்பேறிய முகத்தில் மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரிந்தன. மேலே தேய்ந்துபோனாலும் ஆழமாகச் செதுக்கிய இடங்களில் கீறல் அளவுக்கு மிச்சம் இருந்திருக்கிறது. கறுப்பு அதில் போய்த் தங்கியிருந்தது. பாதிப் புருவம், ஒரு கண்ணின் விளிம்பு, உதட்டோரம் கொஞ்சம். இத்தனை காலமும் தினம் காலையில் அழுக்கு என்று அவள் விரட்டி விரட்டித் துடைத்தது அதைத்தான்.

"நானேதான்டி தினமும் அழிச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, கூடத்தில் ஆள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் புளியக்கா அழுதாள். நாத்தனார் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

புளியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தாள். அந்த ஒற்றைக் கண் நேராகப் பார்க்கவில்லை, ஓரமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. திலோத்தமை ஓரக்கண்ணால் பார்க்கிறவள் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.