நூறு நோட்டுப் பெண்ணின் பின்னல்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நூறு நோட்டில் இருந்த பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பால்காரரின் சட்டைப்பை, வங்கிப் பெட்டகம், சமையலறை டப்பா என்று எங்கே இருந்தாலும் சரி, புதுத்தாளில் அடித்த நோட்டுகள் அத்தனையிலும் ஒரே நேரத்தில் திரும்பினாள். முகம் இருந்த இடத்தில் பின்னந்தலையும் தடித்த பின்னலும்தான் மிச்சம். பழைய நோட்டில் இருந்தவள் மட்டும் எப்போதும்போலச் சிரித்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர்கள் முதல் வாரம் வாங்க மறுத்தார்கள், அடுத்த வாரம் முணுமுணுத்துக்கொண்டே வாங்கினார்கள். மாதம் முடிவதற்குள் வெங்காய விலை அதைவிடப் பெரிய பேச்சாகிவிட்டது.

அவளை அச்சுத் தகட்டில் செதுக்கியவர் அரசு அச்சகத்தின் தகட்டுக்காரர். கற்பனைக்கும் அவருக்கும் வெகுதூரம். அதனால் கைக்கெட்டிய முகத்தையே, அதாவது மனைவியின் முகத்தையே செதுக்கியிருந்தார். நோட்டுத்தாள் அதுவரை பருத்தியில் செய்தது. பருத்திக் கழிவைப் பொறுக்கித் தரம் பிரிக்கும் கொட்டகையில் மனைவியின் அக்காவும் வேலை பார்த்தாள். புதுத்தாள் எது வந்தாலும் தகட்டுக்காரர் கையெழுத்து வேண்டும். கண்ணிமை மயிர் ஒவ்வொன்றும் தனியாகப் பதிந்தால்தான் தாள் தேறும் என்பது அச்சகத்து வழக்கம். புதிதாக வந்த மலிவான மரக்கூழ்த் தாளில் மை ஊறி, இமை இரண்டும் கரிக்கோடாக அப்பிக்கொண்டன. மேலாளர் அதைப் பார்க்காதமாதிரி பார்த்துவிட்டு, வளாகத்தில் மாடிவீடு ஒன்று காலியாக இருக்கிறது என்றார். தகட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார், புதுத்தாள் நோட்டுகள் புழக்கத்துக்கு வந்தன. மாடிவீட்டுக்குக் குடிபோன வாரமே பருத்திக் கொட்டகையை மூடினார்கள். வேலை போன அக்கா வந்து, தங்கையின் புதுச் சமையலறை ஜன்னலைத் திறந்து பார்த்து, நல்ல காத்து வருது என்று மனதாரச் சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்கு மறுநாள்தான் அந்தச் செவ்வாய். தகட்டுக்காரர் புதுத் தகடு செதுக்கிப் பார்த்தார். கடைசிக் கோடு விழுந்ததும் அதிலும் திரும்பிக்கொண்டாள். மறுபக்கத்திலிருந்து செதுக்கினார், அந்தப் பக்கமும் பின்னல்தான். ஒருநாள் மனைவி காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு, மீதி வாங்கிய நோட்டை நீட்டினாள்.

"இது நான்தானே. எதுக்குங்க திரும்பிக்கிட்டேன்? நீங்க ஏதாவது பண்ணீங்களா?"

அவர் இமையில் ஆரம்பித்து மாடிவீடு வரைக்கும் சொன்னார். சொல்லி முடித்ததும் அவள் ஜன்னலைச் சாத்தினாள். பையில் பாதிக் காய்கறியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். சாயங்காலம் திரும்பி வந்து சோறு போட்டாள். அன்று மட்டுமல்ல, அதற்குப் பிறகு வாழ்ந்த காலமெல்லாம் அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசினாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. தட்டைப் பார்த்தே சாப்பிடப் பழகிக்கொண்டார். அந்த ஜன்னலை மட்டும் அவள் திறக்கவேயில்லை.

பழைய நோட்டுகள் கிழிந்து ஒழிந்தபின் அரசாங்கம் அறிவிப்பு ஒட்டியது: பின்னல் தெரிந்தால் நல்ல நோட்டு, முகம் தெரிந்தால் கள்ள நோட்டு. தகட்டுக்காரர் ஓய்வூதியம் வாங்கப் போகும்போது வரிசையில் எல்லாரும் செய்வதுபோல ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். இப்போதாவது, என்று ஒரு கணம் பார்ப்பார். பின்னல்தான் தெரியும்.

"நல்ல நோட்டுதான்," என்று சொல்லி மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்.