மஞ்சள் கோட்டுக்கு இரண்டடி தள்ளி

ஊர் சுற்றிக் காட்டுகிறார்கள், நடந்தே போகிறோம், ஐந்து இடம், மூன்று மணிக்குக் கிளம்பினால் ஏழு மணிக்குள் முடிந்துவிடும் என்று சூப்பர்வைசர் சொன்னபோது, பழைய கட்டடம், மணிக்கூண்டு என்றுதான் கிரேன் ஆபரேட்டர் நினைத்துக்கொண்டான். நினைக்கமாட்டானா பின்னே? வெயிலுக்குத் தொப்பி போட்டுக்கொண்டு, நடப்பதற்குத் தோதான ஷூவை மாட்டிக்கொண்டு, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு வந்து நின்றான். அவனைப் பார்த்து எலக்ட்ரீஷியன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"தண்ணியடிக்கப் போற இடத்துக்குத் தண்ணி பாட்டிலோட வந்த மொத ஆளு நீதான்யா!"

ஆபரேட்டர் திருதிருவென்று விழித்தான். அதற்குள் மஞ்சள் குடை பிடித்த வழிகாட்டிப் பெண் ஆளுக்கொரு அட்டையை நீட்டினாள். அட்டையில் ஐந்து கட்டம், கட்டத்துக்கொரு கிளாஸ் படம். ஐந்து இடம் என்றால் ஐந்து பார். ஒவ்வொரு பாரிலும் ஒரு கிளாஸ். காலி கிளாஸைக் காட்டினால் அட்டையில் ஓட்டை போடுவாள். துறைமுகத்திலிருந்து பயிற்சிக்கு வந்த இவர்கள் நான்கு பேரோடு வேறு ஊர்களிலிருந்து வந்த எட்டுப் பேரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

"ரூல்ஸ் ஒண்ணே ஒண்ணுதான்," என்றாள் குடைக்காரி. "சேர்ந்து போறோம், சேர்ந்து வர்றோம். ஒருத்தர் கிளாஸ் காலியாகலைன்னாலும் யாரும் எந்திரிக்கக்கூடாது. அடுத்த பார் எதுன்னு மட்டும் கேக்காதீங்க, அது சஸ்பென்ஸ்!"

எட்டுப் பேரும் கைதட்டினார்கள். ஆபரேட்டர் மட்டும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். திரும்பிப் போய்விடலாம் என்றால் எங்கே போவது? புது கிரேனுக்கான மூன்று நாள் பயிற்சி மத்தியானத்தோடு முடிந்துவிட்டது. விடுதி அறையைக் காலி செய்தாயிற்று. பைகள் வேனில். சார்ஜில் போட்ட செல்போனும் வேனில். அந்த வேன் ஏழு மணிக்கு ஐந்தாவது பார் வாசலுக்கு வரும், அங்கிருந்து நேராக ரயில். ஐந்தாவது பார் எது என்பதோ குடைக்காரிக்கு மட்டும்தான் வெளிச்சம். நன்றாக மாட்டினான் போங்கள்.

குடிக்கமாட்டேன் என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். சொல்லலாம்தான். ஏன் என்று கேட்பார்களே? நானூற்றுப் பன்னிரண்டு நாளாக அவன் ஒரு சொட்டுத் தொடவில்லை. அதற்கு முன்னால் தொட்டது கொஞ்சநஞ்சமல்ல. காலையில் பல் தேய்த்த கையோடு அரை கிளாஸ், அதன்மேல் வாய் நிறைய ஏலக்காய், அப்புறம்தான் ஏணி. துறைமுகக் கேட்டில் ஊதச் சொல்லும் மெஷின் அப்போது வரவில்லை. நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து முப்பது டன் பெட்டிகளைத் தூக்கி இறக்குகிறவன், இந்த லட்சணத்தில்தான் சில வருஷம் ஓட்டியிருக்கிறான். வெளியே தெரிந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும்.

தெரிந்தது மனைவிக்கு மட்டும்தான். மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனவள், மூன்று மாதம் கழித்துத்தான் திரும்பினாள். வாசலிலேயே நின்று, "ஒரு வாய் பட்டுதுன்னாலும் சரி, நாங்க ரெண்டு பேரும் இல்ல. அப்புறம் கூப்பிட வராத," என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைத்தாள். ஒன்பது வயது மகள் இருக்கிறாளே, அவள் அம்மாவுக்கு மேல். அப்பா வீட்டுக்கு வந்தால் கதவைத் திறந்து, இடுப்பில் கைவைத்து, "ஊதுப்பா," என்பாள். ஊதுவான். "பாஸ்," என்பாள். அதற்கப்புறம்தான் செருப்பைக் கழற்றலாம். நாளைக் காலையிலும் அந்தக் கதவைத் திறப்பாள்.

கூட்டாளிகளிடம் வயிற்றில் அல்சர் என்று சொல்லி ஒரு வருஷத்தை ஓட்டியிருந்தான். அதுவும் நன்றாகத்தான் ஓடியது. இன்று காலை பயிற்சிக் கூடத்துக் கேன்டீனில் நாக்கு எரிகிற குழம்பை இரண்டு தரம் வாங்கி ஊற்றிக்கொண்டு, "அல்சரெல்லாம் போயே போச்சு சார், டாக்டரே ஆச்சரியப்பட்டுட்டார்," என்று பெருமையடித்தான். அதைக் கேட்டுத்தான் சூப்பர்வைசர் இந்த ஊர்சுற்றலுக்கு அவன் பெயரையும் எழுதிக் கொடுத்தாராம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா?

சூப்பர்வைசரைக்கூடச் சமாளித்துவிடலாம். அவனுக்குப் பயமெல்லாம் கைகாட்டியிடம்தான். கைகாட்டி என்பது பட்டப்பெயர். கிரேனுக்குக் கீழே நின்று தூக்கு, இறக்கு, நகர்த்து என்று கையாலேயே சொல்கிற ஆள். ஒன்பது வருஷமாக இரண்டு பேரும் ஒரே ஷிப்ட். வாயால் பேசியது எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் தேறாது. அவன் காட்டாமல் ஆபரேட்டர் ஒரு விரற்கடை நகர்த்தக்கூடாது, அதுதான் தொழில். 'நிறுத்து' என்கிற சைகைக்கு மட்டும் விதி வேறு. அதை யார் காட்டினாலும், ஏன் எதற்கு என்று கேட்காமல் கை நின்றுவிட வேண்டும். பயிற்சியில் இன்று காலையும் அதைத்தான் மறுபடி மறுபடி சொன்னார்கள்.

சைகை காட்டுகிறவன் நிற்பதற்குத் தரையில் ஒரு மஞ்சள் கோடு உண்டு. கைகாட்டி அதன்மேல் நிற்காமல் இரண்டடி தள்ளியே நிற்பான். "உசுரு மேல அவ்வளவு ஆசையாய்யா, பயந்தாங்கொள்ளி!" என்று ஆபரேட்டர் கேன்டீனில் எல்லார் முன்னாலும் எத்தனையோ தரம் வாரியிருக்கிறான். நாளடைவில் அவன் எங்கே நிற்கிறான் என்று பார்ப்பதுகூட விட்டுப்போய், கிண்டல் மட்டும் பழக்கமாகிவிட்டது. கைகாட்டி சிரித்துக்கொள்வான், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கண் இருக்கிறதே, தொங்குகிற பெட்டியை விட்டு இப்படி அப்படி நகராது. இன்றைக்கு அந்தக் கண் ஆபரேட்டரின் கிளாஸை விட்டு நகரவில்லை.

முதல் பாரில் எப்படியோ தப்பினான். எலக்ட்ரீஷியன் வாசல்பக்கம் திரும்பிய நேரத்தில் அவனுடைய காலி கிளாஸை இழுத்துக்கொண்டு தன் கிளாஸை அவன் பக்கம் தள்ளிவிட்டான். அந்தப் புண்ணியவான் ஒன்றும் யோசிக்காமல் அதையும் குடித்தான். இரண்டாவது பாரில் பக்கத்தில் ஒரு பூந்தொட்டி இருந்தது. நைசாகச் சாய்த்து ஊற்றினான். ஊற்றிய பிறகுதான் தெரிந்தது, செடி பிளாஸ்டிக், தொட்டிக்கு அடியே கிடையாது. பீர் தரையோடு ஓடி நேரே சூப்பர்வைசரின் புது ஷூவுக்குப் போனது.

"கூரை ஒழுகுதா என்ன?" என்று சூப்பர்வைசர் மேலே பார்த்தார். கைகாட்டி மேலே பார்க்கவில்லை. தொட்டியைப் பார்த்தான், பிறகு ஆபரேட்டரைப் பார்த்தான்.

மூன்றாவது பாரில் கிளாஸைக் கையோடு கழிவறைக்கு எடுத்துப்போய்க் கைகழுவும் தொட்டியில் கவிழ்த்தான். அங்கேதான் வினை. கதவைச் சாத்திய சின்ன அறை, காற்று போக வழியில்லை, வாசனை முகத்தில் வந்து அப்பியது. நானூற்றுப் பன்னிரண்டு நாளாகத் தூங்கிக்கொண்டிருந்தது எழுந்து உட்கார்ந்துவிட்டது. கையில் வழிந்ததை நக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதே என்று அழுகை வந்தது. குழாயைத் திறந்து முழங்கைவரை கழுவினான். கழுவியும் அவனுக்கு வேண்டியிருந்தது. அதுதான் உண்மை, வேறென்ன சொல்ல? ஜன்னல் இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது, கைக்குட்டை அளவில்.

நான்காவது பார் தரைக்குக் கீழே. பதினெட்டுப் படி இறங்கினார்கள். தாழ்ந்த கூரை, ஒரே ஒரு படிக்கட்டு. நாற்பது மீட்டர் உயரத்தில் நிம்மதியாக உட்காருகிறவனுக்கு அங்கே மூச்சு முட்டியது. பெஞ்சில் சுவரோரமாக அவனை உட்காரவைத்து, இந்தப் பக்கம் சூப்பர்வைசர் தன் பெருத்த உடம்பைச் செருகிக்கொண்டார். அவர் எழுந்தால்தான் அவன் எழலாம். எதிரே கைகாட்டி. குடைக்காரியும் விழித்துக்கொண்டாள் போலிருக்கிறது. மேஜை முனையிலேயே ஓட்டை போடும் கருவியோடு நின்றுகொண்டாள்.

"தொப்பி போட்ட சார் குடிக்கிறதை நான் இன்னும் கண்ணால பாக்கவே இல்லையே!"

"பாருங்க, இப்பப் பாருங்க," என்று சூப்பர்வைசர் எழாமலேயே கிளாஸைத் தூக்கினார். "எல்லாரும் கேளுங்கப்பா. பயிற்சியில நம்ம ஆபரேட்டருக்குத்தான் முதல் இடம். புது கிரேன் சீட்டு இவனுக்குத்தான்னு நான் எழுதிக் கொடுத்துட்டேன். இதுக்கு ஒரே மூச்சுல அடிக்கணும், என்ன?"

ஊர் பேர் தெரியாத எட்டுப் பேரும் மேஜையைத் தட்ட ஆரம்பித்தார்கள். எலக்ட்ரீஷியன் விசிலடித்தான். எல்லார் கிளாஸும் காலி, அவனுடையது மட்டும் நுரையோடு நின்றது. அது காலியாகும்வரை பன்னிரண்டு பேரும் அந்தக் குழிக்குள்தான்.

'ஒரே ஒரு கிளாஸ்தானே' என்றது உள்ளே ஒரு குரல். 'ரயிலில் ராத்திரி பூரா இருக்கு. காலையில் ஏலக்காய் வாங்கிக்கலாம். சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்?' அந்தக் குரலை அவனுக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ காலை ஏணியடியில் நின்று அதோடு பேசியிருக்கிறான். அது சொல்வதெல்லாம் நியாயமாகவே இருக்கும். கை தானாகக் கிளாஸை எடுத்தது. மார்புவரை வந்தது. முகவாய்வரை வந்தது. நுரையின் ஜில்லிப்பு மீசையில் பட்டது.

எதிரே கைகாட்டி எழுந்து நின்றான். இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, குறுக்கே வீசினான். நிறுத்து.

ஆபரேட்டர் யோசிக்கவில்லை. யோசிக்கிற இடத்தில் இல்லை அந்தப் பழக்கம். கை அந்தரத்தில் அப்படியே நின்றது. கிளாஸிலிருந்து ஒரு சொட்டுக்கூட ஆடி வெளியே விழவில்லை.

"யோவ், என்னய்யா, இங்க என்ன கிரேனா ஓடுது?" என்றார் சூப்பர்வைசர்.

"நிறுத்துன்னா நிறுத்தணும் சார். ஏன் எதுக்குன்னு கேக்கக்கூடாது. காலையிலதானே படிச்சோம்," என்றான் கைகாட்டி. சிரித்துக்கொண்டுதான் சொன்னான், ஆனால் நீட்டிய கையை மடக்கவில்லை. மேஜை தட்டுவது ஒவ்வொருவராக நின்றது. பிறகு வலது கையைத் தாழ்த்தி, ஆள்காட்டி விரலைத் தரைக்கு நீட்டி, மெல்ல வட்டம் போட்டான். இறக்கு. ஆபரேட்டர் இறக்கினான். கிளாஸ் மேஜையில் உட்கார்ந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

"அவர் சுமையை இறக்கிட்டார். இனி தரையில நிக்கிறவன் பொறுப்பு," என்று சொல்லிக் கைகாட்டி அந்தக் கிளாஸை எடுத்து ஒரே மூச்சில் காலி செய்து கவிழ்த்துக் காட்டினான். "போடுங்க மேடம் ஓட்டையை. சார், கொஞ்சம் வழி விடுங்க, இவருக்கு அல்சர் திரும்ப வந்துடுச்சு. மூஞ்சியைப் பாருங்க."

முகம் அந்த லட்சணத்தில்தான் இருந்தது. சூப்பர்வைசர் முனகிக்கொண்டே நகர்ந்தார். "அஞ்சாவது இடம் பக்கத்துலதான், வாசல்லயே இருங்க," என்று குடைக்காரியும் விட்டுவிட்டாள்.

பதினெட்டுப் படியும் ஏறி வெளியே வந்தபோது நல்ல வெயில் இருந்தது. ஒரு கடையின் ஷட்டருக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்தார்கள். ஆபரேட்டர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மீசையைக் கழுவினான், வாயைக் கொப்பளித்தான், மறுபடி கொப்பளித்தான்.

"வாசனை வருதா பாரு," என்று கைகாட்டியின் முகத்தில் ஊதினான்.

"என் வாயில இருக்கிற நாத்தத்துல உன்னுது எங்கய்யா தெரியப்போவுது? உள்ள போகல, நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கீழ நிக்கிறவன் நான்," என்றான் கைகாட்டி. "நீ பெட்டியை இறக்குறப்ப ஆடும் பாரு, அதை வெச்சே இன்னிக்கு எவ்வளவு ஊத்திட்டு வந்திருக்கேன்னு சொல்லிடுவேன். போன வருஷம் ஒருநாள் ஆட்டம் நின்னுபோச்சு. மறுநாளும் ஆடல. ஒரு வாரம் பாத்தேன், ஒரு மாசம் பாத்தேன். மனுஷன் விட்டுட்டான்டின்னு வீட்டுக்குப் போய் என் பொண்டாட்டிகிட்டச் சொன்னேன்."

"அப்ப அதுக்கு முன்னாடியும் தெரியுமா?"

"நாலு வருஷமாத் தெரியும்."

ஆபரேட்டர் அவன் பக்கம் திரும்பினான். "முப்பது டன்னுய்யா. உன் தலைக்கு மேல. ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"யாருகிட்டச் சொல்ல? ஆபீஸ்ல சொன்னா உன் சீட்டுப் போயிடும், உன் வீட்டுல ரெண்டு ஜீவன் இருக்கு. உன்கிட்டச் சொன்னா நீ கேக்குற ஆளா அப்ப? சொல்லாம இருந்ததும் தப்புதான், ராத்திரியில தூக்கம் வராது எனக்கு." கைகாட்டி தன் செருப்பு முனையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அதான், என்னால ஆனது, ரெண்டடி தள்ளி நின்னேன்."

ஆபரேட்டர் அழுதான். நடுத்தெருவில், தொப்பி போட்டுக்கொண்டு, போகிறவர் வருகிறவர் பார்க்க, குழந்தை மாதிரி அழுதான். கைகாட்டி பாட்டிலை வாங்கி மூடியைத் திருகி மூடினான்.

"இப்பவும் தள்ளித்தான் நிக்கிறியா?" என்று கேட்டான் ஆபரேட்டர்.

"இது நல்லாருக்கே! நானூறு நாளாக் கோட்டு மேலதான்யா நிக்கிறேன். நீ மேலேருந்து பாக்கலையா?"

ஆபரேட்டர் பார்க்கவில்லை. போன வாரம்கூடக் கேன்டீனில் அவனைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்திருந்தான்.