திட்டும்வரை ஏணி ஆடாது

பெயிண்டர் ஏணியில் ஏறினால், கீழே நிற்கும் பெயிண்டரம்மாவுக்கு இரண்டு வேலை. கை ஏணியைப் பிடித்திருக்கும். வாய் புருஷனைத் திட்டிக்கொண்டிருக்கும். வீட்டுக்குள் 'ஏங்க' என்பவள், முதல் படியில் அவர் கால் பட்டதும் 'யோவ்' என்பாள்.

"யோவ், அது சுவரா, உன் மூஞ்சியா? இப்படி அப்பி வைக்கிற!"

காரணம் இருந்தது. இரண்டாம் மாடி உயரத்தில் நிற்பவர் குனிந்து பார்த்தால் தலை சுற்றும். குரல் கேட்டால் அவள் நிற்கிறாள், ஏணியும் நிற்கிறது. குரல் நின்றால் அவர் கண்ணை மூடிச் சுவரோடு ஒட்டிக்கொள்வார். ஒருமுறை அவள் தும்மிய நேரத்துக்குள் அப்படி ஒட்டியதில், அவருடைய உருவம் மீசையோடு ஈரப் பெயிண்டில் பதிந்துவிட்டது. நன்றாயிருக்கிறதென்று அந்த வீட்டின் சொந்தக்காரர் அழிக்கவேயில்லை. முப்பத்தெட்டு வருஷத்தில் பெயிண்டர் ஒரு தடவைகூட விழுந்ததில்லை. அவள் திட்டுகிற சூட்டில் முதல் பூச்சு அரை மணியில் காய்ந்துவிடும் என்பதால், மழைக்காலத்திலும் அவர்களுக்கு வேலை குறைந்ததில்லை.

மகளுக்கு இதெல்லாம் மண்டையில் ஏறவில்லை. குடும்ப ஆலோசனை மையத்தில் வேலை பார்ப்பவள். அப்பாவுக்கு ரத்த அழுத்தம் கூடியிருக்கிறதென்று டாக்டர் சொன்ன அன்றே ஒரு தாளோடு வந்து நின்றாள். ஆரோக்கியமான இல்லறம், இருபது கேள்விகள்.

"அம்மா, வாரத்துல எத்தனை தடவை குரலை உயர்த்துவீங்க?"

"ஒரே தடவைதான். திங்கக்கிழமை உயர்த்தினா சனிக்கிழமை இறக்குவேன்."

இருபதுக்கு இரண்டு வந்தது. அதில் ஒன்று, இருவரும் ஒரே சோப்புப் போடுவதற்காக.

மகளும் மகனும் கூடிப் பேசினார்கள். ஆறு மாதத்துக்கு அப்பா மகன் வீட்டில், அம்மா மகள் வீட்டில்.

"அப்பா உயிரோட இருக்கணும்னா உங்க சத்தம் அவர் காதுல விழக்கூடாதும்மா" என்றாள் மகள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் பெயிண்டரம்மா வாயை மூடிக்கொண்டு பையை எடுத்தாள்.

பத்தாம் நாள் மகன் போன் செய்தான். அப்பா சோபாவை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார். தரையில் காலை வையுங்கள் என்றால், "கீழ யாரு பிடிச்சிருக்கா?" என்று கேட்கிறார். ரத்த அழுத்தம் இன்னும் ஏறிவிட்டது.

க்ளினிக்குக்கு அவர் சுவரைத் தடவித் தடவி வந்து சேர்ந்தார். நர்ஸ் அவர் கையில் பட்டையைச் சுற்றினாள். மகள் தன்னோடு வந்திருந்த அம்மாவைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். பத்து நாள் அடக்கிய வாய் அது.

"யோவ்!" ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "எவன் செத்தான்னு இந்தத் தாடி? பொத்தானை மாத்திப் போட்டுக்கிட்டு வந்திருக்க! அந்த வீட்டுல இதைச் சொல்ல ஒரு நாதி இல்லையா?"

கருவியில் எண் இறங்கியது. 'யோவ்'வுக்குப் பத்து, தாடிக்குப் பதினைந்து. கருவி பழுதோ என்று நர்ஸ் தன் கையில் சுற்றிப் பார்த்தாள், அவளுக்கு ஏறியிருந்தது. டாக்டர் எட்டிப் பார்த்து, "இன்னும் ஒரு நிமிஷம் திட்டுங்கம்மா, குறிச்சுக்கறேன்" என்றார். வெளியே காத்திருந்த இரண்டு பேர் இந்த வைத்தியம் தங்களுக்கும் கிடைக்குமா என்று விசாரித்தார்கள்.

மகள் விடவில்லை. "தற்செயலா இறங்கியிருக்கும். ஆறு மாசம் முடியட்டும். இருபதுக்கு ரெண்டும்மா!"

"இருக்கட்டும்டி. ஏணியை யாரு பிடிக்கிறாங்கன்னு உன் தாள்ல ஒரு கேள்வி இருக்கா? இல்லைல்ல? அப்போ அது ஏணியே ஏறாதவங்களுக்கு அச்சடிச்சது. என் புருஷனை நான் கூட்டிட்டுப் போறேன். வேணும்னா அந்த ரெண்டையும் அடிச்சுட்டு முட்டை போட்டுக்க."

"ஆனா அவர் இனிமே உயரத்துல ஏறக்கூடாது" என்றார் டாக்டர்.

"அவர் எதுக்கு ஏறணும்? நான் ஏறுறேன்."

மறுநாள் காலையில் பள்ளிக்கூடச் சுவர். பெயிண்டரம்மா தலையில் துண்டைக் கட்டி, பிரஷ்ஷை இடுப்பில் செருகி, மூன்று படி ஏறினாள். கீழே சத்தமே இல்லை. அவளுக்கு உள்ளங்கால் கூசியது.

"யோவ், இருக்கியா?"

"இருக்கேன்."

"எனக்கு எப்படித் தெரியும்? திட்டு!"

முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் அவளைத் திட்டியதேயில்லை. நடுவில் புக இடம் கிடைத்ததில்லை. யோசித்தார். "நீ வந்து... கொஞ்சம் பிடிவாதக்காரி."

"இது திட்டா? லீவு லெட்டர் படிக்கிற மாதிரி இருக்கு!"

அப்போது மகள் காரை நிறுத்திவிட்டு ஓடி வந்தாள். "அப்பா, இந்த வயசுல இது என்ன கூத்து? வாங்க, அண்ணன் வீட்டுக்குப் போகலாம்" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தாள். ஏணி ஆடியது.

பெயிண்டர் மகளின் கையை உதறினார். "விடுடி! மேல என் பொண்டாட்டி நிக்கிறா!"

சொன்ன வேகம் குறையாமல் அண்ணாந்தார். "ஏய், அங்க என்னடி வேடிக்கை? மூலையில ஒரு விரல்கடை பூசாம விட்டாலும் இறங்கி வராத! மேலேயே குடித்தனம் பண்ணு!"

பெயிண்டரம்மா நாலாவது படியில் காலை வைத்தாள்.